வாசகர் கேள்விகள்: போர்க்கால மன்றத்தில் கடைசிச் சொல் யாருடையது?

போர்க்காலத்தில் நாட்டை நடத்தும் சிறு குழுக்களைப் பற்றி ஒரே சமயத்தில் இத்தனை கேள்விகள் வந்ததில்லை. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஏழு கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முறையாக அமைந்த அமைச்சரவை இருக்கும்போது, போர் வந்தவுடன் ஐந்து பேரையோ ஆறு பேரையோ தனியே பிரித்தெடுத்து அதிகாரத்தைக் கொடுப்பானேன்? பலர் கூடி ஆராய்ந்தால்தானே தவறு குறையும்? (எஸ்.கே., கும்பகோணம்)

பதில்: பலர் கூடினார்கள், ஆராயவில்லை என்பதுதான் முதல் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டன் கண்ட அனுபவம். 1914-இல் அங்கிருந்த அமைச்சரவையில் இருபது பேருக்கு மேல் இருந்தனர். கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது, நடந்ததைக் குறிப்பெடுக்கச் செயலர் கிடையாது. பிரதமர் தம் கைப்பட மன்னருக்கு எழுதும் கடிதம் ஒன்றே பதிவு. கூட்டம் முடிந்து வெளியே வந்த அமைச்சர்களுக்கு என்ன முடிவாயிற்று என்பதே தெளிவில்லாமல் இருந்ததைக் கர்சன் பிரபு 1918-இல் பிரபுக்கள் சபையிலேயே ஒப்புக்கொண்டார். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்தான்.

இக்குறையைப் போக்க முதலில் போர் ஆலோசனை மன்றம், பிறகு டார்டனெல்ஸ் குழு, அதன்பின் போர்க் குழு என மூன்று அமைப்புகளை அடுத்தடுத்து உருவாக்கினார்கள். அவற்றுக்கு ஒரே நோய்தான். சிறியதாகத் தொடங்கிய குழு, விடுபட்டவர்களின் மனத்தாங்கலைத் தீர்க்க ஒவ்வொருவராகச் சேர்த்துப் பெருத்துவிடும். அது எடுத்த முடிவையும் முழு அமைச்சரவை மறுபடி முதலிலிருந்து விவாதிக்கும். 1916 டிசம்பரில் பிரதமரான லாய்ட் ஜார்ஜ் இந்த இரட்டை வேலையை ஒழித்தார். அவரையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவை டிசம்பர் 9 அன்று முதன்முறையாகக் கூடியது. கர்சன், மில்னர், போனர் லா, தொழிற்கட்சியின் ஆர்தர் ஹெண்டர்சன் ஆகியோர் மற்ற நால்வர். நிதித்துறையைக் கவனித்த போனர் லாவைத் தவிர எவருக்கும் அன்றாட இலாகாப் பொறுப்பு இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். தம் துறைக்காக வாதாட வந்தவர் நாட்டுக்காக முடிவெடுக்க மாட்டார் என்பதே அதன் உட்பொருள்.

ஆனால் என் பார்வையில், ஆட்களைக் குறைத்ததைவிடப் பெரிய மாற்றம் மேசையின் ஓரத்தில் நடந்தது. மாரிஸ் ஹாங்கி என்ற செயலர் அங்கே அமர்ந்து, ஒவ்வொரு பொருளிலும் எடுக்கப்பட்ட முடிவை எழுதி, அதை நிறைவேற்ற வேண்டிய துறைக்கு அனுப்பி வைத்தார். ஓராண்டில் ஏறத்தாழ 300 முறை கூடிய ஒரு குழுவில் அந்தக் காகிதம் இல்லாவிட்டால், நேற்று முடிவானதை இன்று மறுபடி பேசுவதிலேயே பொழுது போயிருக்கும். போருக்கென வந்த அந்தச் செயலகம் போர் முடிந்த பின்னும் கலைக்கப்படவில்லை.

சிறு குழுவுக்கே உரிய கசப்பும் உண்டு. 1917 ஆகஸ்டில், ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த சோஷலிஸ்டு மாநாடு பற்றிய கருத்து வேறுபாட்டில் ஹெண்டர்சனின் நடத்தையைச் சக உறுப்பினர்கள் உள்ளே விவாதிக்க, அவரோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே காக்க வைக்கப்பட்டார். நாட்டை ஆளும் சிறு குழுவில் ஒருவர் வாசற்படியில்! அந்த மாதமே அவர் பதவி விலகினார்.

கேள்வி: இத்தகைய குழுக்களில் படைத்தலைவர்களும் வல்லுநர்களும் அமர்ந்திருந்தும் பெரும் தவறுகள் நேர்ந்தது எப்படி? (ஆர்.எம்., மதுரை)

பதில்: அமர்ந்திருந்தார்கள், பேசவில்லை. நான் மேலே சொன்ன போர் ஆலோசனை மன்றத்தின் 1915 ஜனவரி 28 கூட்டம் இதற்கு நல்ல சான்று. துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைக் கடற்படையைக் கொண்டே பிளந்து செல்லலாம் என்பது அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் திட்டம். கடற்படையின் தலைமைத் தளபதி ஃபிஷருக்கு அதில் உடன்பாடில்லை. அன்று அந்தப் பேச்சு எழுந்தவுடன் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். போர்த்துறை அமைச்சர் கிச்சனர் பின்னாலேயே சென்று, சன்னலோரமாக நிறுத்தி, மறுப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று எடுத்துச் சொல்லி மீண்டும் மேசைக்கு அழைத்து வந்தார். ஃபிஷர் வந்து அமர்ந்தார், வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 18 அன்று நடந்த கடற்படைத் தாக்குதலில் மூன்று போர்க்கப்பல்கள் கண்ணிவெடிகளுக்குப் பலியாகி மூழ்கின. பின்னர் அந்த நீரிணையை ஒட்டிய கலிப்போலிக் கரையில் தரைப்படை இறங்கி, மாதக்கணக்கில் மடிந்து, வெறுங்கையோடு திரும்பியது. மே மாதம் ஃபிஷர் விலகினார். விசாரணை ஆணையம் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கேட்டால் மட்டுமே பதில் சொல்வது, கேட்காத வரை தம் அமைச்சரை மறுத்துப் பேசாமலிருப்பது தங்கள் கடமை என்று வல்லுநர்கள் எண்ணியிருந்தனர். அமைச்சர்களோ, மாற்றுக் கருத்து இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள் என்று நம்பியிருந்தனர். ஒரே அறையில் இரண்டு விதமான மரபுகள் நிலவியதை எவரும் கவனிக்கவில்லை.

கேள்வி: 1940-இல் பிரிட்டன் ஹிட்லரோடு சமரசம் பேசும் நிலைக்கு வந்ததாகப் படித்தேன். அந்த முடிவை வாக்கெடுப்பில் தீர்மானித்தார்களா? யார் எந்தப் பக்கம்? (டி.வி., பாளையங்கோட்டை)

பதில்: வாக்கெடுப்பு நடக்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சரவை மரபில் பொதுவாகக் கை தூக்குவதில்லை. பிரதமர் பேச்சைத் தொகுத்துச் சொல்வதே முடிவாகக் கொள்ளப்படும். ஆனால் தொகுத்துச் சொல்பவரே ஒரு கட்சியாக நிற்கும்போது அந்த மரபு எப்படி இயங்கும் என்பதற்கு அந்த மே மாதத்தின் மூன்று நாட்களைப் போல வேறு பாடம் இல்லை.

மே 10 அன்று பிரதமரான சர்ச்சில் ஐவர் போர் அமைச்சரவையை அமைத்தார். முன்னாள் பிரதமர் சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட் ஆகியோர் மற்றவர்கள். ஹாலிஃபாக்ஸும் நமக்குப் பழக்கமான பெயரே. காந்தியடிகளோடு 1931-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய் இர்வின் பிரபுவின் பிற்காலப் பட்டம் அது. மே 26 முதல் 28 வரை இக்குழு ஒன்பது முறை கூடியது. பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. டன்கர்க் கடற்கரையிலிருந்து எத்தனை வீரர்களை மீட்க முடியும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. முடிவில் 3,38,000 பேர் மீண்டது பின்னர் நடந்த கதை. முடிவெடுத்தவர்களின் கையில் அந்த எண் இல்லை என்பதை மறந்துவிட்டு அவர்களை எடைபோடுவது நியாயமாகாது.

இத்தாலியின் முசோலினி வழியாக நிபந்தனைகளைக் கேட்டுப் பார்ப்பதில் என்ன தவறு, நம் சுதந்திரத்தைத் தொடாத நிபந்தனை என்றால் ஏற்கலாம், தொட்டால் மறுத்துவிடலாம் என்றார் ஹாலிஃபாக்ஸ். கேட்கத் தொடங்கினாலே சறுக்குப் பாறையில் கால் வைத்தது போலாகும், மக்களின் உறுதியும் குலைந்துவிடும் என்றார் சர்ச்சில். அட்லியும் கிரீன்வுட்டும் பேச்சுவார்த்தையை விரும்பவில்லை. சேம்பர்லின் நடுவில் நின்றார். கன்சர்வேடிவ் கட்சியில் அன்றும் அவர் கையே ஓங்கியிருந்ததால், அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. இதற்கிடையில் சர்ச்சில் லிபரல் கட்சித் தலைவரும் விமானப்படை அமைச்சருமான சின்க்ளேரையும் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டார். ஒரு கட்சித் தலைவரை அழைப்பது முறையானதே. அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பது அழைத்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 27-ஆம் நாள் ஹாலிஃபாக்ஸ் பதவி விலகும் மனநிலைக்கு வந்தார். அவரைச் சர்ச்சில் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று சமாதானப்படுத்தினார். அந்தத் தருணத்தில் வெளியுறவு அமைச்சர் விலகியிருந்தால் ஆட்சியே ஆட்டம் கண்டிருக்கும்.

அதே நாட்களில் முப்படைத் தளபதிகளிடமிருந்து ஓர் அறிக்கையும் வந்தது. பிரான்ஸ் வீழ்ந்தாலும் விமானப்படை நிலைத்திருக்கும் வரை படையெடுப்பைத் தடுக்க வாய்ப்புண்டு என்பது அதன் சாரம். வல்லுநரின் கருத்து இம்முறை எழுத்தில் வந்ததைக் கவனியுங்கள். கலிப்போலியின் வடு சர்ச்சிலுக்கு ஆறியிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

28-ஆம் நாள் மாலை ஐவர் குழுவில் முடிவு எட்டாத நிலையில் கூட்டம் சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த இடைவேளையில், போர் அமைச்சரவைக்கு வெளியே இருந்த ஏறத்தாழ இருபத்தைந்து அமைச்சர்களைத் தம் அறைக்கு அழைத்து, என்ன நேர்ந்தாலும் போரிடுவோம் என்று சர்ச்சில் பேசினார். அவர்கள் எழுந்து ஆரவாரித்து வரவேற்றனர். ஏழு மணிக்கு ஐவர் குழு மீண்டும் கூடியபோது அவர் அதை மட்டும் தெரிவித்தார். சேம்பர்லினும் ஏற்கெனவே அவர் பக்கம் வந்திருந்தார். ஹாலிஃபாக்ஸ் மேலும் வற்புறுத்தவில்லை.

கூட்டம் பெருத்தால் முடிவு எடுக்க முடியாது என்பதற்காகவே ஐவர் குழுவை வைத்தார்கள். அந்த ஐவர் முட்டிக்கொண்டபோது முடிச்சை அவிழ்த்தது ஒதுக்கப்பட்ட அந்தப் பெரிய கூட்டம்தான்! சிறு குழு முடிவெடுக்கிறது என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை. வெளியே இருப்பவர்கள் எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்க மாட்டார்கள் என்ற கணக்கும் உள்ளே ஓர் உறுப்பினராக அமர்ந்திருக்கிறது.

இன்னொரு சிறு செய்தி. மே 26 அன்று நடந்த ஓர் உரையாடலின் பதிவில், முதல் கால் மணி நேரம் செயலர் இல்லாததால் அப்பகுதி இதில் இடம்பெறவில்லை என்று எழுதியிருக்கிறது. ஹாங்கி தொடங்கி வைத்த ஏற்பாடு அந்த அளவுக்கு நேர்மையாக இருந்தது.

கேள்வி: ஜப்பானில் ஆறு பேர் குழு ஒன்று இருந்ததாமே. இரட்டைப்படை எண்ணில் குழு வைத்தால் சமநிலை வந்து நின்றுவிடாதா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருச்சி)

பதில்: நின்றேவிட்டது. பிரதமர் சுசூகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, தரைப்படை அமைச்சர் அனாமி, கடற்படை அமைச்சர் யோனாய், இரு படைகளின் தலைமைத் தளபதிகளான உமேசு, டோயோடா ஆகிய அறுவர் கொண்ட போர் நடத்தும் உச்ச மன்றம், 1945 ஆகஸ்ட் 9 அன்று மூன்றுக்கு மூன்று என்று பிளந்தது. பேரரசரின் நிலைக்கு உறுதி கிடைத்தால் சரணடையலாம் என்றனர் சுசூகி, டோகோ, யோனாய். ஆயுதங்களை நாங்களே களைவோம், போர்க் குற்றங்களை நாங்களே விசாரிப்போம், அந்நியப் படை நாட்டுக்குள் குடிகொள்ளக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் சேர்க்க வேண்டும் என்றனர் மற்ற மூவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாகசாகியின் மீது குண்டு விழுந்த செய்தி வந்தது. அப்போதும் எவரும் அசையவில்லை.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று. ஏழாவதாக ஒருவரைச் சேர்த்திருந்தால் நான்குக்கு மூன்று என்று தீர்ந்திருக்கும் என நினைத்துவிடாதீர்கள். அங்கே பெரும்பான்மை என்ற கருத்தே இல்லை. முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். தரைப்படை அமைச்சர் பதவியில் இருக்கும் படை அதிகாரியாகவே இருக்க வேண்டும் என்ற விதி 1936-இல் மீண்டும் வந்திருந்ததால், அவர் விலகி, படை வேறொருவரைத் தர மறுத்தால் அமைச்சரவையே கவிழும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் படையின் கையில் சொல்லப்படாத ஒரு தடை அதிகாரம் இருந்தது.

அந்தப் பூட்டை உடைக்கச் சுசூகி மரபை மீறினார். அன்று நள்ளிரவை ஒட்டிப் பேரரசர் முன்னிலையில் நிலவறையில் கூடிய கூட்டத்தில், பொதுவாக ஏற்கெனவே ஒத்துப்போன முடிவை மட்டுமே பேரரசர் முன் வைத்து ஒப்புதல் பெறும் வழக்கத்துக்கு மாறாக, எங்களுக்குள் ஒற்றுமை இல்லை, தாங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். ஹிரோஹிட்டோ டோகோவின் பக்கம் நின்றார். ஆகஸ்ட் 14 அன்று மீண்டும் ஒருமுறை அவரே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் நண்பகலில் அவர் குரல் வானொலியில் ஒலித்தது. 14-ஆம் நாள் தீர்ப்புக்குப் பிறகும், வானொலி உரைக்கு முன்பாக, அமைச்சரவை கூடி முறைப்படி கையெழுத்திட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சரணாகதியை மனமார எதிர்த்த அனாமி அதில் கையெழுத்திட்டார். பதவி விலகி ஆட்சியைக் கவிழ்க்க அவரால் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யாமல், 15-ஆம் நாள் அதிகாலை தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கேள்வி: ஸ்டாலினின் பாதுகாப்புக் குழுவில் விவாதம் என்று ஏதாவது நடந்ததா, இல்லை எல்லாம் ஒருவர் சொன்னதுதானா? (கே.பி., ஈரோடு)

பதில்: கடைசிச் சொல் ஒருவருடையதுதான். ஜெர்மனி படையெடுத்து எட்டு நாள் கழித்து, 1941 ஜூன் 30 அன்று அமைந்த அரசுப் பாதுகாப்புக் குழுவில் ஸ்டாலின், மோலொடோவ், வொரோஷிலோவ், மாலென்கோவ், பெரியா ஆகிய ஐவர் இருந்தனர். நாட்டின் முழு அதிகாரமும் அவர்களிடம் குவிக்கப்பட்டது. கட்சி, அரசு, படை எதுவாயினும் அக்குழுவின் ஆணையை மறுபேச்சின்றி நிறைவேற்ற வேண்டும். முறையான கூட்டமோ, நிகழ்ச்சி நிரலோ, நடவடிக்கைக் குறிப்போ பெரும்பாலும் இல்லை.

ஆயினும் அது வெறும் ஒற்றை மனிதரின் நிழல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1945 செப்டம்பரில் கலைக்கப்படும் வரை அது 9,971 ஆணைகளைப் பிறப்பித்தது. சராசரியாக நாளொன்றுக்கு ஆறுக்கு மேல். முதல் ஆணையே டி-34 டாங்கி உற்பத்தி பற்றியது. டாங்கி ஒருவருக்கு, விமானம் ஒருவருக்கு என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டு, ஆலைகளின் மேலாளர்களையும் துறை அமைச்சர்களையும் நேரே வரவழைத்து, எவ்வளவு இரும்பு, எத்தனை ரயில் பெட்டி என்று பேரம் பேசி ஆணையின் வரைவைத் தயாரித்தார்கள். விவாதம் அந்த அடித்தளத்தில் நடந்தது. மேலே வந்த வரைவு ஸ்டாலினின் கையெழுத்துக்குக் காத்திருக்கும். அவர் தவறும் இடத்தில் தடுத்து நிறுத்த எவரும் இல்லை என்பது அதன் விலை. 1942 மே மாதம் கார்க்கோவ் தாக்குதலில் சோவியத் படை அந்த விலையைக் கொடுத்தது.

கேள்வி: பிரிட்டனின் போர் அமைச்சரவையில் தமிழர் ஒருவர் இருந்தார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா? (ஏ.ஜே., வேலூர்)

பதில்: உண்மைதான், ஆனால் சற்று விளக்கம் தேவை. நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார், நவாநகர் மன்னர் ஜாம் சாகிபுடன் 1942-இல் இந்தியாவின் பிரதிநிதியாக லண்டன் போர் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த இலட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர் அவர். பின்னாளில் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவரை அனுப்பியது வைஸ்ராயின் அரசு; இந்திய மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை.

நாற்காலி கிடைப்பதும் சொல் செல்லுபடியாவதும் வெவ்வேறு. 1943-இல் வங்கம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது இந்திய அரசு 5,00,000 டன் தானியம் கேட்டது. ஆகஸ்ட் 4 அன்று அக்கோரிக்கை போர் அமைச்சரவையின் முன் வந்தது. அதை எடுத்து வைத்த இந்தியா மந்திரி எமெரி அந்த அமைச்சரவையின் உறுப்பினரே அல்லர். தம் துறைப் பொருள் வரும்போது அழைக்கப்படுபவர். கப்பல் இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். கேட்டதில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இறந்தோர் 15 லட்சம் என்றது விசாரணை ஆணையம். 30 லட்சம் வரை சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. 1940-ஐப் பற்றிச் சொல்லும்போது நான் மேலே வியந்து எழுதிய அதே முறை, அதே குறிப்பேடு, அதே பிரதமர். போரை வெல்வதற்கென்று சுருக்கி அமைத்த மேசையில், போருக்கு உதவாத உயிர்களுக்காகப் பேச முழு உரிமையுள்ள குரல் இல்லை.

கேள்வி: இத்தகைய குழுக்களில் கையெழுத்திட்டவர்கள் பிற்பாடு பொறுப்பை ஏற்றார்களா? (வி.என்., புதுச்சேரி)

பதில்: புதுச்சேரியிலிருந்து வந்த கேள்விக்குப் பிரெஞ்சு எடுத்துக்காட்டே பொருத்தம். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 ஏப்ரலில் அமைந்து, பின்னர் பன்னிரண்டு பேராக வளர்ந்த பொதுநலப் பாதுகாப்புக் குழுவில் கார்னோ படைகளைக் கவனித்தார், லிண்டே உணவுப் பொருளைக் கவனித்தார், ரோபஸ்பியர் முதலானோர் அரசியலைக் கவனித்தனர். ஒவ்வொருவரும் தம் துறை ஆணையை எழுத, மற்றவர்கள் கீழே ஒப்பமிடுவார்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் காகிதம். ரோபஸ்பியர் வீழ்ந்த பின் 1795-இல் அவருடைய சகாக்கள் சிலரை விசாரித்தபோது கார்னோ எழுந்து, அந்த ஒப்பங்கள் வெறும் சடங்கு, படித்துப் பார்க்க நேரமில்லை என்று வாதாடினார். படிக்காமல் இட்ட ஒப்பத்தால் தலைகள் உருண்டதை மன்றத்தில் இருந்தவர்கள் மறந்திருக்கவில்லை.

ஆனால் மறுக்க முடியாது என்ற நிலை இருக்கவில்லை. 1794 மார்ச் 30 இரவு புரட்சித் தலைவர்களுள் ஒருவரான டான்டனைக் கைது செய்யும் ஆணை சுற்றுக்கு வந்தபோது லிண்டே அதில் கையெழுத்திட மறுத்தார். அதற்காக அவர் தலை போகவில்லை. உணவுத் துறைப் பணியைத் தொடர்ந்தார். விந்தை என்னவென்றால், 1795 கோடையை ஒட்டிப் பழைய குழுவினர்மீது நடவடிக்கை எடுத்தபோது, வெற்றியை ஒழுங்கமைத்தவர் இவர் என்று யாரோ எழுப்பிய குரலால் கார்னோ தப்பினார். கைதானவர் லிண்டே. பொதுமன்னிப்பு வந்த பிறகே அவர் வெளியே வந்தார்.